பேசாதவர்களுக்கு மட்டும் காப்புறுதி

1

"இந்தக் குறைபாட்டைப் பற்றி நீங்கள் யாரிடமாவது பேசியதுண்டா?"

நான்காம் பக்கத்தில் ஏழாவது கேள்வி. அதற்குப் பக்கத்தில் இரண்டு பெட்டிகள்: ஆம், இல்லை. 'இல்லை'யில் சரி போட்டால் காப்புறுதி கிடைக்கும். 'ஆம்' என்றால் கிடைக்காது.

இந்த ஆவணியோடு நான் லண்டனுக்கு வந்து இருபத்தொன்பது வருடம். அகதி விண்ணப்பத்தில் தொடங்கி, பெனிபிட், பள்ளிக்கூடம், பாஸ்போர்ட், கவுன்சில் வரி என்று நான் நிரப்பிய படிவங்களை அடுக்கினால் ஒரு அறை போதாது. எல்லாவற்றுக்கும் ஒரே குணம்தான். எதையாவது ஒளிக்கிறாயா, உண்மையைச் சொல், சொல்லாவிட்டால் தண்டனை என்று வெருட்டும். வாயைத் திறந்ததற்காக என்னைத் தண்டிக்க வந்த முதல் படிவம் இதுதான். ஊரில் உள்ள நீங்கள் நம்பமாட்டீர்கள் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

செவன் கிங்ஸில் எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. வரிசை வீடுகளில் கடைசி வீடு. வாங்கி இருபத்துநாலு வருடம். சென்ற வருடம் இவருக்குப் பாரிசவாதம் வந்து வலது கால் இழுத்துக்கொண்டது. குளியலறையும் கழிவறையும் மாடியில். பதின்மூன்று படி, நடுவில் ஒரு திருப்பம். அந்தத் திருப்பத்தில், உட்கார்ந்தபடி ஏறும் கதிரை லிஃப்ட் பொருத்த இடம் போதாது என்று கவுன்சிலில் இருந்து ஒரு பெண் வந்து அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். இவர் குந்தியிருந்தபடியே ஒவ்வொரு படியாகப் பின்பக்கத்தால் ஏறுவார். கீழே நின்று நான் பிடிப்பேன். தபால் கந்தோர் கவுண்டரில் பத்தொன்பது வருடம் நிமிர்ந்து நின்று வேலை செய்த மனிதர்.

விம்பிள்டனில், மகள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, நிலத்தோடு ஒரு ஃபிளாட் விற்பனைக்கு வந்தது. படுக்கையறையிலிருந்து கழிவறைக்கு எட்டு அடி. நான் எண்ணிப் பார்த்தேன். எங்கள் வீட்டை விற்றால்தான் அதை வாங்கலாம். வீட்டை வாங்க ஆளும் வந்துவிட்டான். அப்போதுதான் அந்த ஒழுங்கை வந்து குறுக்கே நின்றது.

2

எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரு ஒடுங்கிய ஒழுங்கை. குப்பைத்தொட்டி உருட்டிக்கொண்டு போகலாம், அவ்வளவுதான் அகலம். அதால் போனால் எங்கள் பின்வளவும் சாமான் கொட்டிலும். இருபத்துநாலு வருடமாக அதால்தான் போய் வந்தோம். வாங்குபவனின் சட்டத்தரணி வரைபடத்தைப் பார்த்துவிட்டு, அந்த ஒழுங்கை முழுக்க அடுத்த வீட்டுக்காரருடையது, உங்களுக்கு அதில் வழி உரிமை இருப்பதாக எங்கும் எழுதியில்லை என்று கடிதம் போட்டார். நாங்கள் வாங்கும்போது எங்களிடம் காசு வாங்கிய சட்டத்தரணிக்கு இது கண்ணில் படவில்லை. அவர் இப்போது ஓய்வுபெற்று எங்கேயோ கோல்ஃப் விளையாடுகிறார் என்று கேள்வி.

யாழ்ப்பாணத்தில் காணிப் பத்திரத்தை 'உறுதி' என்போம். இன்சூரன்ஸைக் 'காப்புறுதி' என்போம். இங்கே வந்துதான் இந்த இரண்டுக்கும் உள்ள சொந்தம் எனக்குப் புரிந்தது. உறுதியில் ஓட்டை இருந்தால் இந்த ஊரில் ஓட்டையை அடைப்பதில்லை. ஓட்டைக்குக் காப்புறுதி எடுக்கிறார்கள். நாளைக்கு யாராவது வந்து வழியை மறித்தால் கொம்பனி நட்டத்தைத் தரும். உறுதி உறுதியில்லை என்பதற்கு ஒரு காப்புறுதி. எங்கள் சட்டத்தரணியின் கந்தோரில் இருக்கும் பெண், இது தினமும் நடப்பதுதான், ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று தொலைபேசியில் பாட்டுப் படிப்பதுபோலச் சொன்னாள்.

அவள் அதை எனக்குத்தான் சொன்னாள். கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் போதும் என்று இவருக்குச் சொல்ல ஒருவரும் இல்லை.

3

வழிப் பிரச்சினை என்றால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? ஒன்று, கத்தியோடு போவார்கள். இல்லையென்றால் பலகாரத்தோடு போவார்கள். இவர் இரண்டாவது வகை. அடுத்த நாள் நான் மருந்துக் கடைக்குப் போன நேரம், டின்னில் இருந்த பயற்றம் பணியாரத்தை ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டு, பொல்லை ஊன்றிக்கொண்டு, பீட்டரின் கதவைத் தட்டியிருக்கிறார்.

பீட்டர்தான் அடுத்த வீட்டுக்காரர். எண்பதை எட்டிய வெள்ளைக்காரர், பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், மனைவி இறந்தபின் தனியாக இருக்கிறார். இருபத்துநாலு வருடத்தில் நாங்கள் அவரோடு பேசியதெல்லாம் மழையைப் பற்றியும் குப்பை எடுக்கும் நாளைப் பற்றியும்தான். அன்றைக்குத்தான் முதன்முதலாக அவருடைய வீட்டுக்குள் இருந்து ஒரு மணித்தியாலம் கதைத்துத் தேநீர் குடித்திருக்கிறார் இவர். திரும்பி வரும்போது கையில் ஒரு கடிதம்.

கடிதத்தை எழுதியது இவர்தான். கையெழுத்து பீட்டருடையது. தபால் கந்தோரில் பழகிய கம்பீரமான இங்கிலீஷ். அதன் சாரம் இது: கடந்த இருபத்துநாலு ஆண்டுகளாக என்னுடைய தயவான அனுமதியுடன் இந்தக் குடும்பத்தினர் மேற்படி வழியைப் பயன்படுத்தி வந்துள்ளனர், இனி வருபவர்களும் அவ்வாறே பயன்படுத்துவதில் எனக்கு எவ்வித ஆட்சேபனையும் இல்லை.

"பாத்தீரே," என்றார் இவர். "ஒரு தேத்தண்ணியோட முடிஞ்ச அலுவல். இதுக்குப் போய் இன்சூரன்ஸ், சட்டத்தரணி எண்டு."

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் கடிதத்தை நான் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

4

அடுத்த நாள் சட்டத்தரணியின் கந்தோர்ப் பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். முழுவதையும் கேட்டாள். பிறகு, "நீங்கள் இப்போது சொன்னது எனக்குக் கேட்கவில்லை" என்றாள். கேட்கவில்லையாக்கும் என்று நான் திரும்ப உரத்துச் சொன்னேன். "இல்லை, எனக்குக் கேட்கவில்லை" என்றாள் மறுபடியும். கடிதத்தை அனுப்ப வேண்டாம், அனுப்பினால் பதிவு செய்யவேண்டி வரும் என்றாள். ஏன் என்று கேட்டேன். காப்புறுதி பற்றி ஆலோசனை சொல்லத் தனக்கு லைசென்ஸ் இல்லை, லைசென்ஸ் உள்ள ஒருவருடைய இலக்கத்தைத் தருகிறேன் என்றாள்.

மகள்தான் பிறகு விளங்கப்படுத்தினாள். இருபது வருடத்துக்கு மேல் ஒரு வழியால் ஒருவரையும் கேளாமல், ஒளிக்காமல் போய் வந்தால், இந்த நாட்டுச் சட்டத்தில் அது உரிமையாகிவிடும். அனுமதி வாங்கிக்கொண்டு போனால் ஆகாது. அது வெறும் தயவு. 'தயவான அனுமதி' என்று இவர் மரியாதைக்குப் போட்ட இரண்டு சொல், இருபத்துநாலு வருடத்து உரிமையைத் துடைத்து எறிந்துவிட்டது. இவர் அடாவடியாக நடந்திருந்தால் அந்த வழி எங்களுக்குச் சொந்தம். மரியாதையாகக் கேட்டதால் இல்லை.

அதைவிடப் பெரிய பகிடி காப்புறுதி. வழிக்குச் சொந்தக்காரரோடு இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருந்தாலும் கொம்பனி காப்புறுதி தராது. அவரைத் தட்டி எழுப்பிவிட்டோமாம். அடுத்த வீட்டு மனிதரிடம் கதவைத் தட்டிக் கேட்பதுதான் இந்த நாட்டில் மிகப்பெரிய ஆபத்து. இந்தக் கண்டுபிடிப்பைச் செய்தவர்கள் உலகத்துக்கே நாகரிகம் கற்பித்தவர்கள்.

"நேர்வழி ஒண்டும் இல்லையோ பிள்ளை?" என்று கேட்டேன்.

இருந்தது. பீட்டர் முறைப்படி பத்திரம் எழுதி வழியுரிமை தரலாம். ஆனால் அவருடைய வீடு இன்னும் இறந்த மனைவியின் பெயரிலும் இருக்கிறது. அதை முதலில் மாற்ற வேண்டும், பிறகு அவருக்கு ஒரு சட்டத்தரணி, பிறகு பதிவு. மாதக்கணக்காகும். வாங்குபவன் காத்திருக்க மாட்டான். விம்பிள்டன் ஃபிளாட்டுக்கு வேறு ஆள் கேட்டுக்கொண்டு நிற்கிறான்.

5

மகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர் அபிராமி. கந்தோரில் 'அபி'. ஒரு காப்புறுதித் தரகு நிறுவனத்தில் வேலை. என்ன வேலை என்று ஊரில் கேட்பவர்களுக்கு என்னால் இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. காப்புறுதி விற்கிற ஒவ்வொருவருக்கும் லைசென்ஸ் இருக்கிறதா, அரசாங்கப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா, எதை அவர் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று பார்ப்பவள் அவள். மற்றவர்களின் நேர்மையைக் கணினியில் சரி பார்க்க அவளுக்குச் சம்பளம்.

லைசென்ஸ் உள்ளவர் என்று கந்தோர்ப் பெண் இலக்கம் தந்த ஆளின் பெயரை அவளிடம் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் தேடிப் பார்த்தாள். "ஹி இஸ் ஆன் த ரெஜிஸ்டர் அம்மா. ஓகேதான்." அவருக்குச் சொந்தமாக லைசென்ஸ் இல்லை, ஒரு பெரிய கொம்பனியின் லைசென்ஸுக்குக் கீழே நிற்கிறார், அதுவும் சட்டப்படி சரி என்றாள்.

அந்த ஆள் எங்கள் ஆள்தான். லோகன். இல்ஃபோர்டில் புடவைக் கடைக்கு மேலே கந்தோர். சுவரில் நாலு சான்றிதழ், கண்ணாடி போட்டு. கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டு இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி, "வாங்கோ அக்கா, இருங்கோ" என்றார். நான் கதையைத் தொடங்கினேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அக்கா, நான் உங்களுக்கு அட்வைஸ் தரேலாது. இன்பர்மேஷன்தான் தரலாம். என்ர லைசென்ஸ் அப்படி."

"அப்ப இன்பர்மேஷனைத் தாருமன்."

அவர் ஏழாவது கேள்வியை எனக்கு வாசித்துக் காட்டினார். மிக மெதுவாக. எனக்கு வாசிக்கத் தெரியாது என்று நினைத்தாரோ என்னவோ. 'இல்லை' என்ற இடம் வந்ததும் கொஞ்சம் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். பிறகு மேசைமேல் இருந்த தன் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "கீழ வரைக்கும் வாறன் அக்கா, படி செங்குத்து" என்று என்னோடு இறங்கி வந்தார்.

தெருவுக்கு வந்து, பஸ் தரிப்பைத் தாண்டியதும் குரல் மாறியது. "உந்தக் கடிதத்தைக் கிழிச்சுப் போடுங்கோ. அண்ணை ஒருத்தரோடையும் கதைக்கேல்லை. இல்லையெண்டு போட்டு அனுப்புங்கோ. ஆர் வந்து பாக்கப் போறான்?"

"இதை ஏன் தம்பி மேல வைச்சுச் சொல்லேல்லை?"

"மேல லைசென்ஸ் எல்லோ அக்கா" என்றார் லோகன். பகிடிக்குச் சொல்லவில்லை. திரும்பிப் படியேறிப் போய்விட்டார்.

மகளிடம் இதைச் சொன்னேன். லோகனின் லைசென்ஸைப் பிடுங்க வைப்பாள் என்று நினைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "அம்மா, ஜஸ்ட் டிக் இட். எவ்ரிபடி டஸ். அப்பா ஏன்தான் போய்க் கதைச்சவர்?"

6

ஊர் நல்லது, லண்டன் கெட்டது என்று எழுதப் போகிறேன் என்று நினைக்க வேண்டாம். கலியாணத்துக்கு முன் மூன்று வருடம் சுன்னாகத்தில் உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் நான் தட்டச்சு வேலை செய்தேன். ஒவ்வொரு உறுதிக்கும் இரண்டு சாட்சி வேண்டும். எங்கள் சாட்சிகள் கீழே தேநீர்க் கடையில் இருந்தார்கள். நொத்தாரிசு யன்னலால் தலையை நீட்டிக் கூப்பிட, இருவரும் வாயைத் துடைத்துக்கொண்டு ஏறி வந்து கையெழுத்துப் போடுவார்கள். 'மேற்படி சாட்சிகளுக்கு நன்கு அறிமுகமான இன்னார்' என்று நான் ஏற்கனவே தட்டச்சில் அடித்து வைத்திருப்பேன். அந்த இன்னாரை அவர்கள் பிறந்து அன்றைக்குத்தான் கண்டிருப்பார்கள். எத்தனை நூறு தடவை அந்தப் பொய்யை என் விரல்கள் அடித்தன என்று கணக்கில்லை.

ஆனால் ஒன்று. அந்த நொத்தாரிசு கள்ளனோ நல்லவனோ, அவருடைய பெயரும் முத்திரையும் உறுதியின் அடியில் இருக்கும். அரசாங்கம் கொடுத்த லைசென்ஸ் அந்த ஒரு மனிதனின் கழுத்தில் தொங்கியது. ஒருமுறை உறுதியில் காணி எல்லை பிழையாகிப்போய் நீதிமன்றத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒரு மாதம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு தன் செலவில் திருத்தி எழுதிக் கொடுத்தார்.

இங்கே கழுத்தைத் தேடிப் பாருங்கள். கந்தோர்ப் பெண்ணுக்குக் காது கேட்காது. லோகனுக்குக் கந்தோருக்குள் வாய் இல்லை. கொம்பனிக்கு எங்கள் முகம் தெரியாது. என் மகள் இவர்கள் எல்லோருடைய பெயரும் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்த்துச் சரி போடுவாள். எல்லோரிடமும் லைசென்ஸ் இருக்கிறது. பொய் சொல்வதற்கு மட்டும், லைசென்ஸ் இல்லாத இரண்டு கிழடுகளைப் பிடித்திருக்கிறார்கள்.

7

நான் 'இல்லை'யில் சரி போட்டேன். சுணங்கவில்லை. அன்று காலை இவர் படியின் திருப்பத்தில் சறுக்கி, நான் கீழே நின்று தாங்கி, இரண்டு பேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டு பத்து நிமிடம் அசையாமல் இருந்தோம். அதற்குப் பிறகு எந்தப் பெட்டியிலும் நான் சரி போடுவேன். கடிதத்தையும் கிழித்தேன்.

படிவத்தில் இருவரும் கையெழுத்திட வேண்டும். வீட்டை மாற்றிக் கொடுக்கும் பத்திரத்திலும் அப்படியே. பாரிசவாதத்துக்குப் பிறகு இவருடைய கையெழுத்து பழையதுபோல் இல்லாததால், குடும்பத்தில் இல்லாத ஒரு சாட்சியின் முன்னிலையில் இரண்டிலும் போடவேண்டும் என்று கந்தோர்ப் பெண் எழுதியிருந்தாள்.

இவர் ஏழாவது கேள்வியை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் போய்க் கதைச்சனான். அந்த மனிசன்ர வீட்டில தேத்தண்ணி குடிச்சனான். என்னெண்டு இல்லையெண்டு எழுதுறது?"

"நீங்கள் எழுத வேண்டாம். நான் எழுதியாச்சு. கையெழுத்தை மட்டும் வையுங்கோ."

"கேட்டுத்தானே போனனான். களவெடுத்தனானே?"

"களவெடுத்திருந்தா இவ்வளவு கரைச்சல் இல்லை!" என்று கத்தினேன். "உங்கட மரியாதையைக் கொண்டுபோய்ப் படியில வையுங்கோ. அது உங்களைத் தூக்கிக்கொண்டு போகட்டும்."

கலியாணம் கட்டியதிலிருந்து இவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. சாட்சிக்கு மகளின் சிநேகிதி ஒருத்தி பின்னேரம் வருவதாக இருந்தாள். நான் பால் வாங்கக் கடைக்குப் போய்விட்டு வந்தேன். வந்து பார்த்தால் குசினி மேசையில் இவரும் பீட்டரும் எதிரெதிரே இருக்கிறார்கள். நடுவில் படிவம்.

நான் பாலைக் கீழே வைத்துவிட்டு முதலில் படிவத்தைப் பார்த்தேன்.

"சாட்சிக்கு இவரைக் கூப்பிட்டனான்" என்றார் இவர் தமிழில். "முழுக்க வாசிச்சும் காட்டினனான். தெரியாமல் போடச் சொல்லிக் கேக்கேலாது."

பீட்டர் என்னைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்தார். இத்தனை வருடத்தில் நானும் உன் கணவரும் எதைப் பற்றிப் பேசியிருக்கிறோம், மழையைப் பற்றித்தானே என்று தன்னுடைய இங்கிலீஷில் சொன்னார். பிறகு இவரிடம் திரும்பி, கையெழுத்தைப் போடு, எனக்கு எதுவும் ஞாபகமில்லை, எனக்கு எண்பது வயது என்றார்.

இவர் எழுத்தெழுத்தாகப் போட்டார். அதற்குக் கீழே பீட்டர் தன் பெயரையும் விலாசத்தையும் எழுதினார். அவரோடு நாங்கள் பேசவில்லை என்பதற்கு அவரே சாட்சி. அந்தப் படிவத்தை யாராவது ஒரு நிமிடம் உற்றுப் பார்த்திருந்தால், சாட்சியின் விலாசமும் வழிக்குச் சொந்தக்காரரின் விலாசமும் ஒன்றுதான் என்று கண்டிருக்கலாம். ஒருவரும் பார்க்கவில்லை. மூன்று நாளில் காப்புறுதி வந்துவிட்டது.

8

சாமான் ஏற்றும் நாளில் வாங்குபவன் நேரத்தோடே வந்து ஒழுங்கையின் வாசலில் நின்றான். கார்த் திறப்புக் கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டு, சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டு.

பீட்டர் வெளியே வரவில்லை. முன் யன்னலில் நின்றார். நாங்கள் பேசக்கூடாது என்பதை எங்களைவிடக் கவனமாக அவர் வைத்திருந்தார். கையை மட்டும் உயர்த்தினார். காரில் இருந்த இவர் கதவைத் திறந்து பொல்லைத் தேடினார்.

"ஒருக்கா போயிட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டு வாறன்."

இவர் போனால் 'போயிட்டு வாறன்' என்பதோடு நிற்காது. கடிதத்துக்கு நன்றி சொல்வார், கையெழுத்துக்கு நன்றி சொல்வார், அதையும் வாங்குபவனின் காதுக்குப் பக்கத்தில் நின்று சொல்வார். நான் கதவைச் சாத்தினேன். "வேண்டாம்" என்றேன். மகளிடம் காரை எடுக்கச் சொன்னதும் நான்தான்.

விம்பிள்டனுக்கு வந்து மூன்று கிழமை. இவர் தானாகவே எழும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு, எட்டு அடி நடந்து போய் வருகிறார். முதல் நாள் அப்படிப் போய்வந்தபோது நான் குசினிக்குள் போய் அழுதேன். அது வெற்றி இல்லையென்று ஒருவரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

நேற்றுக் காலை எதிர் ஃபிளாட் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் வெளியே வந்தாள். எங்கள் வயதுதான் இருக்கும். கையில் பூச்செடி. திறந்திருந்த எங்கள் கதவால் இவரைக் கண்டு சிரித்து, காலை வணக்கம் சொன்னாள். இவர் பதில் சொல்லாமல் என் பக்கம் திரும்பினார்.

"இவவோட கதைக்கலாமோ?" என்று கேட்டார்.

குத்திக் கேட்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையாகத்தான் கேட்டார்.